மண்டப வாசலில் ஐயா

தெப்பக்குளத்தைத் தாண்டி வண்டியூர் போகிற சாலையில் ஒரு கல்யாண மண்டபம். எங்கள் கடை முதலாளி வீட்டுக் கல்யாணம். ஷேர் ஆட்டோவில் இருந்து நானும் கடைப் பெண்களும் இறங்கினோம். காலை வெயில் அதற்குள் சுள்ளென்று அடித்தது. உள்ளே இருந்து நாதஸ்வரம் கேட்டது. வாசலில் கட்டியிருந்த வாழை மரங்களின் வெட்டுவாயில் இருந்து நீர் சொட்டித் தரையில் கறையாகப் பரவியிருந்தது.

வாழைக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி கறுப்பு ஷூ நின்றது.

புது ஷூ. அதைப் போட்டிருந்தவருக்கு அது பழக்கமில்லை என்று பார்த்ததுமே தெரிந்தது. கால்களை அகட்டி, குதிகாலில் கனம் விழாமல் நின்றார். சேற்றில் நிற்பவர்கள்தான் அப்படி நிற்பார்கள். நிமிர்ந்து பார்த்தேன். கஞ்சி மொடமொடப்பு போகாத காக்கிச் சட்டை. கழுத்தில் விசில். தொப்பிக்குக் கீழே என் ஐயாவின் முகம்.

எங்கள் பக்கம் அப்பாவை ஐயா என்றுதான் கூப்பிடுவோம்.

அவர் மதுரைக்கு வேலைக்கு வந்திருப்பது எனக்குத் தெரியாது. ஊர் டீக்கடை போனுக்கு நான் கூப்பிடும்போதெல்லாம் அம்மாதான் வந்து பேசினாள். ஐயா ஆடு பார்க்கப் போயிருக்கிறார், கண்மாய்ப் பக்கம் போயிருக்கிறார் என்று ஏதாவது சொன்னாள். நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்களுக்கு முன்னால் ஒரு கார் வந்து நின்றது. ஐயா ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். நெற்றியில் கை வைத்து சல்யூட் அடித்தார். கார்க்காரர்கள் அவரைப் பார்க்காமலே உள்ளே போனார்கள். அடுத்து நாங்கள். தூக்கிய கையை இறக்குவதற்குள் என்னைப் பார்த்துவிட்டார். ஒரு கணம் அந்தக் கை அப்படியே நின்றது.

"வாங்கம்மா. உள்ள வாங்க" என்றார்.

பெற்ற மகளை, ஊர்பேர் தெரியாத விருந்தாளியைக் கூப்பிடுவதுபோல. என்னோடு வந்த பெண்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று அவர் நினைத்தது எனக்கு உடனே புரிந்துவிட்டது. பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, நான் டவுன் பெண்ணாக நின்றுகொண்டிருந்தேன்.

"ஐயா" என்று கூப்பிட்டேன். பிறகு அவர்கள் பக்கம் திரும்பி, "இவரு எங்க ஐயா" என்று சொன்னேன்.

அந்தப் பெண்கள் நல்ல பிள்ளைகள். ஆளாளுக்கு வணக்கம் சொன்னார்கள். ஆனால் ஐயாவின் முகத்தில் சந்தோஷம் வரவில்லை. என்னவோ தப்பில் பிடிபட்டவர்போல ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒன்றரை ஏக்கர்

இந்தத் தொடரைப் படிக்கும் தோழி ஒருத்தி போனில் கேட்டாள். கடையைப் பற்றி இவ்வளவு எழுதுகிறாயே, உன் அப்பா எங்கே என்று. அதனால்தான் இந்த வாரம் அந்த வாசலில் ஆரம்பித்தேன். அவர் அங்கே வந்து நின்ற கதையைச் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எங்கள் ஊர் மேலூருக்குக் கிழக்கே. பெரியாற்றுக் கால்வாய்த் தண்ணீர் எல்லா ஊருக்கும் போய், மிச்சம் இருந்தால் எங்கள் கண்மாய்க்கு வரும். கடைமடை. கால்வாய்த் தண்ணீரும் ஐப்பசி மழையும் சேர்ந்தால் ஒருபோகம் நெல். அறுத்த வயலில் ஈரம் இருந்தால் உளுந்து விதைப்போம்.

ஐயாவுக்கு முந்திய தலைமுறையில் எங்கள் வீட்டில் யாருக்கும் ஒரு சாண் நிலம் கிடையாது. ஐயாவின் அப்பா பண்ணை வேலைக்காரர். கூலி வாங்கப் பெரிய வீட்டு வாசலில் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பாராம். எவ்வளவு நேரமானாலும் கூப்பிட்டால்தான் போக வேண்டும். சின்னப் பிள்ளையாக இருந்த ஐயாவும் கூடவே நின்றிருக்கிறார்.

பெரிய வீட்டுப் பிள்ளைகள் படித்து மதுரைக்கும் மெட்ராசுக்கும் போனபிறகு நிலத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள். கண்மாய் மடைக்குக் கீழே ஒன்றரை ஏக்கரை ஐயா வாங்கினார். கிணறு வெட்டப் போய்ச் சேர்த்ததும், அம்மாவின் கழுத்திலும் காதிலும் கிடந்ததும் அதற்குள் போயின. பத்திரம் முடிந்து மேலூரில் இருந்து திரும்பும்போது, இனிமேல் எவன் வாசலிலும் நான் நிற்க வேண்டியதில்லை என்று ஐயா சொன்னாராம். அம்மா இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வாள்.

அம்மா பெயர் பாக்கியம். நடவு வேலையில் எங்கள் ஊரில் அவளுக்குத் தனிப் பெயர். நாற்றைக் கையில் எடுத்தால் மற்றவர்கள் நிமிர்ந்து இடுப்பைப் பிடிப்பதற்குள் அந்த வரிசையை முடித்துவிடுவாள். சொந்த வயலில் முதல் நடவு அன்று குலவை போட ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டு அழுதாள். நான் வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா ஏன் அழுகிறாள் என்று தெரியாமல் நானும் அழுதேன்.

நல்ல வருஷங்கள் சில இருந்தன. அந்த நெல்லில்தான் நான் பள்ளிக்கூடம் முடித்தேன். நாகமலை புதுக்கோட்டையில் தங்கி, கம்ப்யூட்டர் வகுப்பு படித்ததும் அதில்தான்.

தள்ளிப்போன தண்ணீர்

பிறகு மழை மாறத் தொடங்கியது. என்றைக்கு மாறியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. உடம்புக்குச் சீக்கு வருகிற மாதிரி மெல்ல வந்தது.

ஆவணியில் எதிர்பார்க்கும் கால்வாய்த் தண்ணீர் புரட்டாசிக்குப் போனது. அப்புறம் தீபாவளி கழித்து. ஒரு வருஷம் நாற்றங்கால் போட்டுக் காத்திருந்து, நாற்று முற்றி, ஆட்டுக்குப் பிடுங்கிப் போட்டார்கள். அடுத்த வருஷம் யாரும் நாற்றே பாவவில்லை. அதற்கடுத்த வருஷம் கண்மாய்க்குள் பையன்கள் கிரிக்கெட் விளையாடினார்கள்.

மழையே இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு மாதம் பெய்ய வேண்டியது ஒரு ராத்திரியில் கொட்டும். ஓடைக் கரையை உடைத்துக்கொண்டு போகும். பிறகு பயிருக்குத் தேவையான நேரத்தில் மேகம்கூட இருக்காது. வெயிலும் முன்னைப்போல இல்லை. பங்குனியிலேயே அக்னி வெயில் அடித்தது.

இப்போது பருவநிலை மாற்றம் என்கிறார்கள். அன்றைக்கு அந்தச் சொல்லை எங்கள் ஊரில் யாரும் கேட்டதில்லை. முதலில் மழை பொய்த்துவிட்டது என்றார்கள். கொஞ்ச வருஷம் கழித்து, மழைக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று சொன்னார்கள். ஐயா சாயங்காலமானால் மடையில் போய் உட்கார்ந்து மேற்கே பார்த்துவிட்டு வருவார்.

வயல் காய்ந்தால் வயல்காரர் மட்டும் காய்வதில்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன். அம்மாவோடு நடவுக்குப் போன பெண்களுக்கு வேலை இல்லை. அவர்கள் வராததால் டீக்கடையில் காலை வியாபாரம் இல்லை. வைக்கோல் இல்லாததால் ஊரில் மாடுகள் குறைந்தன. எங்கள் உழவு மாடுகளை வாடிப்பட்டிச் சந்தைக்கு ஓட்டிப் போனார் ஐயா. வாங்கியவர்கள் உழவுக்கு வாங்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். திரும்பி வந்து, கயிறுகளைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

மாட்டுக் கொட்டம் காலியானபிறகும் அம்மா கொஞ்ச நாள் அதைக் கூட்டிக்கொண்டிருந்தாள். கைப் பழக்கம் என்பாள். பிறகு அவளும் விட்டுவிட்டாள். சீமைக்கருவேலம் வெட்டிக் கரி மூட்டம் போடுகிற இடத்துக்குக் கூலிக்குப் போனாள். நாற்று நட்ட விரல்களில் முள் குத்திச் சீழ் வைத்தது.

சேலைக்கடையும் மேகமும்

அந்தச் சமயத்தில்தான் தெற்கு மாசி வீதியில் சேலைக்கடையில் எனக்குப் பில் போடும் வேலை கிடைத்தது. முதலாளியும் அவர் மனைவி சாந்தாக்காவும் சௌராஷ்டிரர்கள். அவர்களுக்குள் அவர்கள் பாஷையில் பேசிக்கொள்வார்கள். எங்களோடு மதுரைத் தமிழ். சாந்தாக்கா பகலில் கடைக்கு வந்தால் எல்லாப் பெண்களுக்கும் சேர்த்துச் சாப்பாடு கொண்டுவருவார்.

டவுனுக்கு வந்துவிட்டால் மழை பின்னால் வராது என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. எங்கள் கடைக்கு முக்கால்வாசிப் பேர் கிராமத்தில் இருந்து வருகிறவர்கள். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துச் சனம். பொங்கலுக்கு முன்னால் நெல் விற்ற கையோடு குடும்பம் குடும்பமாக வருவார்கள். சுங்கடிச் சேலையை விரித்துப் பார்த்துத் திருப்தியாக எடுத்துப் போவார்கள். மழை போன வருஷங்களில் அவர்கள் வரவில்லை. வந்தவர்களும் ஒரு சேலையைக் கையில் எடுத்து, தடவிப் பார்த்து, மடித்த மடிப்பிலேயே திரும்ப வைத்தார்கள்.

முதலாளி கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, உங்க ஊரில் மழை உண்டா என்று என்னிடம் கேட்பார். சும்மா கேட்கிறார் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் அவர் முகத்தைக் கவனித்தேன். ஐயா மேற்கே பார்க்கும்போது இருக்கும் அதே முகம்.

ஒரு தடவை லீவில் ஊருக்குப் போனபோது, தட்டில் இருந்த சோறு வேறு மாதிரி இருந்தது. கொஞ்சம் மஞ்சள் பூத்து, ஒரு பழைய சாக்கு வாசனையோடு. ரேசன் அரிசி. அதில் அவமானம் ஒன்றும் இல்லை, நாட்டில் பாதிப் பேர் அதைத்தான் சாப்பிடுகிறார்கள். ஆனால் நிலம் வாங்கின நாளில் இருந்து எங்கள் வீட்டில் வெளி அரிசி வெந்ததில்லை. ஐயா முதல் கவளத்தை வாயில் வைத்துவிட்டு நெடுநேரம் மென்றார். அம்மா அவரைப் பார்க்காமல் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குக் கொஞ்ச நாளில்தான் மாயழகு மாமா மூலமாக ஐயா மதுரைக்கு வந்திருக்கிறார். மாயழகு மாமா அவருக்கு மைத்துனர் முறை. அவர் முன்னமே டவுனுக்கு வந்து ஒரு காவலாளி ஏஜென்சியில் சேர்ந்திருந்தார். அம்மா, வேண்டாம் என்று சண்டை போட்டிருக்கிறாள். இருக்கிற கஞ்சியைக் குடிப்போம், இந்த வயலை நம்பித்தானே எல்லாத்தையும் கழற்றிக் கொடுத்தேன் என்று கேட்டிருக்கிறாள். ஐயா, மகளிடம் மட்டும் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறார்.

பந்தியில்

இனி மண்டபத்துக்குத் திரும்பலாம்.

தாலி கட்டி முடிந்து பந்தி போட்டார்கள். எனக்கு உட்காரத் தோன்றவில்லை. தூணோரம் நின்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாந்தாக்கா வந்தார். கடைப் பெண்களில் யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"வாசல்ல நிக்கிறது உங்க அப்பாவாமே?"

ஆமாம் என்றேன்.

கல்யாண வீட்டுக்காரி, பட்டுச்சேலை சரசரக்க வாசலுக்கே போனார். நானும் பின்னால் போனேன். சாப்பிட வாங்க என்று ஐயாவைக் கூப்பிட்டார். டூட்டி நேரத்தில் வரக்கூடாது, ஆபீசில் திட்டுவார்கள் என்று ஐயா மறுத்தார். இது எங்கள் வீட்டுக் கல்யாணம், யார் திட்டுவார்கள் என்று பார்க்கிறேன் என்றார் சாந்தாக்கா. தன் தம்பியைக் கூப்பிட்டு அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். பட்டுவேட்டி கட்டிய அந்த மனிதர் சிரித்துக்கொண்டே வந்து ஐயா நின்ற இடத்தில் நின்றார்.

ஐயா தொப்பியைக் கழற்றினார். நெற்றியில் அதன் விளிம்பு வரியாகப் பதிந்திருந்தது. பந்தியில் கடைசி இலையில் அவரை உட்கார வைத்து நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஷூவைக் கழற்றவா என்று என்னிடம் கேட்டார். கழற்றுங்கள் என்றேன். சாக்ஸ் இல்லாமல் போட்டதில் குதிகால் இரண்டிலும் தோல் உரிந்திருந்தது.

சோறு வந்தது. பூப்போல வெள்ளைச் சோறு. சாம்பார் ஊற்ற வந்தவரைக் கையால் நிறுத்திவிட்டு, ஐயா வெறும் சோற்றில் இரண்டு பருக்கையை எடுத்து வாயில் போட்டார்.

"நல்ல அரிசி. கர்நாடகாவில இருந்து வருதாம்ல இப்ப" என்றார். அப்புறம், "எந்த ஊரா இருந்தா என்ன ஆத்தா. எவனோ ஒருத்தனுக்கு வெளஞ்சிருக்கு" என்றார்.

இலையில் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார். கை கழுவி, ஷூவை மாட்டி, மறுபடி வாசலுக்குப் போய்விட்டார். நான் கிளம்பும்போது முகத்தைப் பார்த்துப் பேச முடியாமல், சாயங்காலம் வாரேன் என்று மட்டும் சொன்னேன். அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதே என்றார்.

பங்குனி

இரண்டு வருஷம்போல ஐயா அந்த வேலையில் இருந்தார். கொஞ்ச நாள் மண்டபம், கொஞ்ச நாள் ஆனையூரில் ஒரு அடுக்குமாடி வீடு. அம்மா ஊரில் தனியாக இருந்தாள். வயலைத் தரிசாகப் போட்டாலும் கருவேலங்கன்று முளைக்க விடக்கூடாது என்று பார்க்கும்போதெல்லாம் பிடுங்கி எறிந்தாளாம்.

இரண்டாவது வருஷம் ஐப்பசி கடைசியில் மழை பிடித்தது. கண்மாய் நிறைந்தது. கால்வாயிலும் தண்ணீர் வந்தது. மாயழகு மாமா ஊருக்குப் போய்விட்டு வந்து ஐயாவிடம் சொன்னார். "மாப்ள, கண்மாய் ரொம்பி மறுகால் போகுதுய்யா. நானே கண்ணால பாத்தேன்."

ஐயா காக்கிச் சட்டையைத் துவைத்து மடித்து ஏஜென்சியில் கொடுத்துவிட்டு அன்றைக்கே பஸ் ஏறினார். போகும் வழியில் கடைக்கு வந்து என்னைப் பார்த்தார். கடைக்குள் வரமாட்டார், எதிர்ப்பக்கமே நின்றார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ வருஷமாகியிருந்தது. சாந்தாக்கா வெளியே வந்து, புது நெல் அரிசி எனக்கு ஒரு படி வேண்டும் என்றார். ஒரு மூட்டையே கொண்டுவாரேன் என்றார் ஐயா.

மழை தள்ளிப் பெய்ததால் நடவும் தள்ளிப்போனது. தையில் அறுக்க வேண்டிய பயிர் பங்குனி வரை நின்றது. மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். கதிர் பால் பிடித்திருந்தது. அம்மா என் கையைப் பிடித்து வரப்பு வரப்பாகக் கூட்டிப்போனாள். ஒரு கதிரை விரலால் நிமிர்த்திக் காட்டினாள். அவள் விரல்கள் ஆறியிருந்தன.

எல்லோரும் ஒரே சமயத்தில் நட்டிருந்தார்கள். அதனால் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் அறுவடை மிஷின் வேண்டியிருந்தது. ஆட்களும் கிடைக்கவில்லை. நடவுக்கும் அறுப்புக்கும் போன சனம் பாதி திருப்பூருக்குப் போயிருந்தது. எங்கள் முறை வர இன்னும் ஒரு வாரம் என்றார்கள். அந்த வாரத்தில்தான் மழை வந்தது.

பங்குனியில் யாரும் அப்படி ஒரு மழையை எங்கள் பக்கம் பார்த்ததில்லை. விடாமல் நாள் கணக்கில் பெய்தது. மதுரையில் கடை வாசலில் நின்று சனம் வெயில் தணிந்ததென்று சந்தோஷப்பட்டது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாந்தாக்கா என்னைப் பார்த்துவிட்டு, நீ ஊருக்குப் போம்மா என்றார்.

நான் போனபோது மழை விட்டிருந்தது. வயலில் பயிர் இல்லை, தண்ணீர்தான் இருந்தது. அதற்குள் பாய் விரித்த மாதிரி கதிர் மொத்தமும் சாய்ந்து கிடந்தது. புளித்த வாசனை. ஐயாவும் அம்மாவும் முழங்கால் தண்ணீரில் குனிந்து, தண்ணீருக்குள் கைவிட்டுக் கதிரைத் தேடி அறுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் இறங்கினேன். கையில் வந்த கதிரில் நெல் ஒவ்வொன்றும் வெள்ளையாக முளை விட்டிருந்தது.

அறுத்த மட்டிலும் அள்ளிப்போய், புதிதாகப் போட்டிருந்த நாலுவழிச் சாலையின் ஓரத்தில் பரப்பினோம். நீளத்துக்கும் அந்த மாதிரி நெல்தான். லாரிகள் காற்றை வாரி அடித்துக்கொண்டு போயின. அம்மா கால்களால் நெல்லைத் துழாவிக்கொண்டே நடந்தாள். கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்தவர் கை நிறைய அள்ளிப் பார்த்தார். ஈரம், முளை, நிறம் போய்விட்டது, இதை நான் எடுத்தால் மேலே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றார். அவரைக் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. அந்த நெல்லைப் பார்த்தால் யாரும் அதைத்தான் சொல்வார்கள். கடைசியில் தீவனத்துக்கு வாங்குகிற வியாபாரி வந்து, கொடுத்ததை வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஏற்றிப் போனார்.

காலியான சாக்குகளை அம்மா உதறி மடித்தாள். அதுவரை டவுனுக்கு வரமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள்.

"போதும். இங்கேருங்க, எனக்குப் போதும்" என்றாள் ஐயாவிடம். "வித்துருங்க. இல்ல, அப்படியே போட்டுருங்க. இன்னொரு வாட்டி என்னால நட முடியாது."

ஐயா சாலையில் சிதறியிருந்த நெல்லைத் துண்டால் கூட்டிக்கொண்டிருந்தார். நிமிராமலே, "விக்க மாட்டேன் பாக்கியம்" என்றார். "கூட வாரேன்னா வா."

வரப்பு

அவர்கள் ஊர் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்தார்கள். ஆனையூர் அடுக்குமாடியில் ஐயாவை மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். மோட்டார் ரூமை ஒட்டி ஒரு சின்ன அறை கொடுத்தார்கள். அம்மா மேல்வீடுகளில் சமையலுக்கு உதவியாகப் போனாள். மோட்டார் ஓடும்போது அந்த அறையில் பேசுவது கேட்காது. அதனால் மோட்டார் நின்றபிறகு பேசிக்கொள்வார்கள்.

அதற்கப்புறம் மழை நல்லபடியாகப் பெய்த வருஷங்களும் வந்தன. ஒவ்வொரு தடவையும் ஐயா இந்த வருஷம் போகலாமா என்பார். அம்மா காலைத் தடவிக்கொள்வாள். அவளுக்கு முழங்கால் போய்விட்டது. நாலு படி ஏறினால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

அப்படி ஒரு ஐப்பசியில், மாயழகு மாமா பேரனுக்குக் காதுகுத்து. அம்மாவால் வர முடியவில்லை. நானும் ஐயாவும் ஊருக்குப் போனோம். விருந்து முடிந்ததும், வயலைப் பார்த்துவிட்டு வருவோம் என்றார் ஐயா. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. குடை வேண்டாம் என்று துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். நானும் மாயழகு மாமாவும் பின்னால் போனோம்.

மடையைத் தாண்டி இறங்கியதும் நின்றுவிட்டார்.

வயல் தெரியவில்லை. எங்கள் வயல், பக்கத்து வயல் என்று எதுவும் இல்லை. ஆள் உயரத்துக்குமேல் சீமைக்கருவேலம். அடர்ந்த காடு. அதன் தூருக்குள் அங்கங்கே தண்ணீர் பளபளத்தது. ஐயா முள்ளை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போகப் பார்த்தார். இங்கே ஒரு வாய்க்கால் போகும், அதற்கு அந்தப் பக்கம் நம் வரப்பு என்று சொல்லிக்கொண்டே காலை வைத்தார். வேட்டி முள்ளில் மாட்டிக் கிழிந்தது. நான் இழுத்து விடுவித்தேன். வேறு பக்கமாகப் போய்ப் பார்த்தார். அங்கேயும் வழியில்லை. நமது எங்கே ஆரம்பிக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை. நாலா பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வழி தெரியாத ஊரில் இறங்கிவிட்ட மனிதரைப்போல இருந்தது.

ஜேசிபி விட்டுத் தோண்டினால்தான் இந்த மரம் போகும் என்று மாயழகு மாமா பின்னால் இருந்து சொன்னார். அதற்கு ஆகிற செலவு எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

பஸ்ஸில் ஐயா ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம்.

ஆனையூர் போய்ச் சேர்ந்தபோது அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அது நிற்கும்வரை காத்திருந்தாள்.

"வயலுக்குப் போனீங்களா?"

"போனோம்."

"தண்ணி நிக்குதா?"

"நிக்குது."

"வரப்பெல்லாம்?"

ஐயா துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினார். தலை காய்ந்தபிறகும் துவட்டிக்கொண்டே இருந்தார்.

"அப்படியே இருக்கு பாக்கியம்" என்றார். "ஒண்ணும் ஆகல. எப்பப் போனாலும் நடலாம்."

அம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். வேட்டி ஓரத்தில் முள் கிழித்திருந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஆமாம் என்று நான் தலையை ஆட்டினேன்.

"அப்பச் சரி" என்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து, "வேட்டியக் கழட்டிக் குடுங்க, தச்சுத் தாரேன்" என்று சொல்லி, ஊசி நூல் இருந்த டப்பாவைத் தேடினாள்.